மறு விசாரணை இல்லை

அரசு வேலை கிடைத்ததும் ஊரில் என்னைப் போலீஸ் என்றார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வக்கீல் என்றார்கள். ஏற்காட்டு மலை மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா, "ஜட்ஜுக்குப் பக்கத்துல உக்காருவியாட்ட இருக்குது கண்ணு" என்றார். நான் இளநிலை உதவியாளர். குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் வக்கீலின் அலுவலகத்தில் தட்டச்சு செய்வது, வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பது, சாட்சிகள் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் ஏறவில்லை. கடைசியில் சொல்வதை விட்டுவிட்டேன். பெண் கேட்டு வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார்கள், அந்த வகையில் லாபம்தான்.

எங்கள் மலைக்காரர்களுக்கு அடிவாரம் தாண்டினால் எல்லாமே 'கீழே'தான். கீழே எந்தக் கோர்ட் என்று சொல்லி இப்போது யாருக்கு என்ன ஆகப் போகிறது? கோர்ட்டுக்குப் பின்புறம் எங்களுக்கு இரண்டு அறைகள். முன்னறையில் அரசு வக்கீல். பின்னறையில் கண்காணிப்பாளரும் நானும், உத்தரம் தொடும் அளவுக்கு வழக்குக் கட்டுகளும். முதல் நாள் காலையில் கண்காணிப்பாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா, பாத்துப் பாத்துக் கத்துக்க" என்றார். அத்துடன் என் பயிற்சி முடிந்தது. அப்போதுதான் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறியிருந்தன. பழைய வழக்குக்குப் பழைய எண், புது வழக்குக்குப் புது எண். வக்கீல் தப்பான எண்ணைச் சொல்லுவார், நான் அடித்துக் கொடுப்பேன், கண்காணிப்பாளர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தருவார், "இதுகூடவா தெரியாது" என்று வக்கீல் என்னைக் கேட்பார். அடுத்தவர் தப்புக்குப் பேர் வாங்கத்தான் புது ஆளை எடுக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

தினமும் மலையேறி இறங்க முடியாது என்று அடிவாரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். தெரிந்து என்ன, சனி ஞாயிறு வந்தால்தான் போக முடியும்.

குற்ற வழக்கு என்றால் குற்றம் செய்தவன்தான் கூனிக் குறுகி நிற்பான் என்று வேலைக்கு வரும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அவன் தேய்த்த சட்டையில் இருக்கிறான். அவனுக்கென்று ஒரு சீனியர் வக்கீல், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. மத்தியானம் பிரியாணி. அடிபட்டவர்கள்தான் கையில் ஒரு துணிப்பையோடு, யாரைக் கேட்பது என்று தெரியாமல், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வக்கீல் யார் என்று கேட்டால் தெரியாது. அரசாங்கமே உங்களுக்கு வக்கீல் வைத்திருக்கிறது என்று நான் சொன்னால், "எங்கீங்க?" என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அவர் அப்போது அடுத்த கோர்ட்டில் வேறு ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

மலையிலிருந்து சாட்சி வந்தால் கண்காணிப்பாளருக்கு என் ஞாபகம் வந்துவிடும். "உங்க ஊர் ஆளுங்க வந்திருக்காங்க, போய்ப் பேசி உக்கார வை." அப்படித்தான் அந்த இரண்டு பெண்களும் எனக்குப் பழக்கமானார்கள்.

மஞ்சக்குட்டைக்கு அப்பால் ஒரு எஸ்டேட். அங்கே வேலை வாங்குகிற மேஸ்திரி, எஸ்டேட் சம்பளத்தில் வந்த பெண்களைத் தன் சொந்தத் தோட்டத்தில் களையெடுக்க அனுப்பிக்கொண்டிருந்தார். இதை அந்தப் பெண்களில் ஒருவர் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்த வாரமே, காப்பிச் செடிகளுக்கு நடுவில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து மண்வெட்டிக் காம்பால் தோளில் அடித்தது யாரோ. எலும்பு உடைந்து, சரியாகக் கூடாமல், வலது கை தோளுக்கு மேல் எழாமல் போய்விட்டது. காப்பிப் பழம் பறிக்கிறவருக்குக் கை எழவில்லை என்றால் என்ன மிச்சம்? அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அடித்தது யார் என்று அக்கா பார்க்கவில்லை. அடி விழுந்ததும் முகம் குப்புற விழுந்து மயங்கிவிட்டார். நான் வேலைக்குச் சேரும் முன்பே கூண்டில் ஏறி அதை அப்படியே சொல்லியும் விட்டார்.

பார்த்தது ஒரே ஒருவர். அடுத்த வரிசையில் பழம் பறித்துக்கொண்டிருந்த வயதான பெண். முறைக்கு எனக்கு அத்தை. எங்கள் மலையில் ஒரே குலத்துக்காரர்கள் பங்காளி, மற்ற குலத்துக்காரர்கள் எல்லாம் மாமன், அத்தை. ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. காம்பை ஓங்கியது மேஸ்திரிதான் என்று அத்தை போலீஸில் சொல்லியிருந்தார். கோர்ட்டிலும் அதைச் சொன்னால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். அக்காவின் நியாயம் முழுக்க அந்த ஒரு வாய்ச்சொல்லில் இருந்தது.

அந்த வாயைத் திறக்கவே விடாமல் எதிர்த்தரப்பில் செய்த வேலை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். அத்தையும் துணைக்கு அக்காவும் இருட்டோடு கிளம்பி, ஜீப்பில் ஏற்காடு வந்து, பஸ் பிடித்துக் கீழே வருவார்கள். காலையில் வழக்கைக் கூப்பிட்டதும் எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்து, "சீனியர் வேற கோர்ட்டுல இருக்கார், பாஸ் ஓவர்" என்பார். பிறகு கூப்பிடுங்கள் என்று அர்த்தம். மத்தியானமும் அதே பாஸ் ஓவர். சாயங்காலம் ஆக ஆக அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. ஏற்காட்டிலிருந்து அவர்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டால் பஸ் ஸ்டாண்டில்தான் படுத்துக் கிடக்க வேண்டும். "ஆடு கண்ணு கெடக்குது சாமி, நாங்க பொறப்படறோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். வாசல் டீக்கடையில் நிற்கும் எதிர்த்தரப்புக் குமாஸ்தா அவர்கள் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் சீனியர் எங்கிருந்தோ முளைப்பார். "சாட்சியை விசாரிக்கத் தயார்" என்பார். சாட்சி இல்லை என்று வாய்தா போடுவார்கள்.

இதை நான் கண்டுபிடித்ததும் ஏதோ பெரிய சூழ்ச்சியைப் பிடித்துவிட்ட மாதிரி ஓடிப்போய் அரசு வக்கீலிடம் சொன்னேன். அவர் வழக்குக் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மலைக் கேஸுன்னா அப்படித்தாம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார். எல்லாருக்கும் தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் எல்லாரும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வாய்தாவிலும் இதுவே நடந்தது. இனியும் சாட்சி வராவிட்டால் பிடிவாரண்ட் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்குப் பிடிவாரண்ட்? அடித்ததாகச் சொல்லப்படுபவர் ஜாமீனில் எஸ்டேட் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். அடிக்கும்போது பார்த்த பாவத்துக்கு அத்தைக்குத்தான். மலையில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றால், அந்த வீட்டில் யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். அதற்குப் பிறகு அத்தை கோர்ட் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அதனால் முந்தின நாளே வந்து என் அறையில் தங்கிக்கொள்ளும்படி அத்தைக்குச் சொல்லி அனுப்பினேன். வக்கீலிடமும் சொன்னேன். "ஏதோ பண்ணும்மா, சாட்சி கூண்டுல ஏறினாச் சரி" என்றார். இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவர் பிறகு மறந்துவிட்டார்.

அக்காவுக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. அத்தை மட்டும் வந்தார். ஒரு முறம் அளவுக்கு அவரைக்காயும் நாலு கமலா ஆரஞ்சும் கொண்டுவந்தார். களி கிண்டினேன். அவரையை உரித்துக்கொண்டே, "ஜட்ஜு அதட்டுவாருங்களா கண்ணு?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லைங்கத்தை. பயப்படாதீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்லுவேன்? எனக்கே கோர்ட்டைக் கண்டால் அப்போது பயம். அவருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் கீழே பாய் போட்டுக்கொண்டேன்.

காலையில் இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். என் சாப்பாட்டுப் பையை அத்தை வாங்கி வைத்திருந்தார். டீக்கடையில் எதிர்த்தரப்புக் குமாஸ்தா எங்களைப் பார்த்தார். இன்றைக்கு உங்கள் பாஸ் ஓவர் பலிக்காது என்று நினைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன்.

பலிக்கவில்லைதான். மத்தியானம் வரை பார்த்தார்கள், சாயங்காலம் வரை பார்த்தார்கள், அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் மலையிலிருந்து வந்திருந்த அக்காவைத்தான் கடைசி பஸ்ஸுக்கு முன்பே அனுப்பி வைத்தோம். வேறு வழியில்லாமல் சீனியர் வந்தார். அத்தை கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். அடித்தது யார் என்று கேட்டதும் கையை நீட்டி, "இந்த மகராசன்தானுங்க" என்று மேஸ்திரியைக் காட்டினார். அவ்வளவு தெளிவாக யாரும் சாட்சி சொல்லி நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

பிறகு சீனியர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். காப்பிச் செடி எவ்வளவு உயரம், கண்ணாடி போடுகிறீர்களா என்று நாலைந்து கேட்டார். அத்தை எதற்கும் மசியவில்லை. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, ஏதோ நலம் விசாரிப்பது போல, "நேத்து எங்கம்மா தங்குனீங்க?" என்றார்.

"இந்தப் புள்ள ஊட்டுலதானுங்க" என்று அத்தை என்னைக் காட்டினார்.

"சொந்தமா?"

"எனக்கு மருமவ மொறையாகுதுங்க."

"சாப்பாடெல்லாம்?"

"களியும் அவரக்கொட்டைக் கொழம்பும் ஆக்குச்சுங்க. கட்டல எனக்குக் குடுத்துட்டு அது கீழ படுத்துக்கிச்சு. நொம்ப நல்ல புள்ளைங்க."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தைக்கு அது ஏன் என்று புரியவில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அங்கே சாப்பிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லாமல் மறைப்பது எங்கள் பக்கம் அந்த வீட்டைக் கேவலப்படுத்துவதற்குச் சமம். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லுவார்கள். அத்தை எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு நல்ல வார்த்தையையும் சீனியர் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுல என்ன சொல்லணும்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"சொல்லுச்சுங்க. பயப்படாம பாத்தத மட்டும்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சொல்லுச்சா இல்லையா?"

"சொல்லுச்சுங்க."

சாட்சி சொல்வதைக் கோர்ட்டில் அப்படியே எழுதுவதில்லை. கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கி எழுதுவார்கள். 'நேற்று இரவு அரசு வக்கீல் அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணின் அறையில் தங்கினேன் என்றால் சரிதான். அவர் எனக்கு உறவு என்றால் சரிதான். கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார் என்றால் சரிதான்.' களி இல்லை, கட்டில் இல்லை, பாத்தத மட்டும் இல்லை. எல்லாம் சரிதான்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருந்தது. குறுக்கு விசாரணை முடிந்ததும் அரசு வக்கீல் எழுந்து மறு விசாரணை செய்யலாம். "அந்தப் பெண் என்னதான் சொன்னார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பாத்தத மட்டும் சொல்லுங்கன்னுச்சு என்று அத்தை சொல்லியிருப்பார், அதுவும் எழுத்தில் ஏறியிருக்கும். மறு விசாரணை உண்டா என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீலைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஏற்பாடு தனக்கும் தெரியும் என்று எங்கே வெளியே வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாதி எழுந்து, "மறு விசாரணை இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பிலும் ஒரு சாட்சி வந்தார். எஸ்டேட் டிரைவர். சம்பவம் நடந்தபோது மேஸ்திரி தன்னோடு ஏற்காடு பஜாரில் உரம் ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவர் முதலாளியின் காரில் வந்தார், முந்தின நாள் லாட்ஜில் தங்கினார், காலையில் ஜூனியரோடு உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார். என் கண்ணால் பார்த்தேன். எங்கே தங்கினீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி அரசு வக்கீலுக்குத் துண்டுச்சீட்டு எழுதி நீட்டினேன். அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரே நேரடி சாட்சி, அரசுத் தரப்பு ஊழியருக்கு உறவினர், சொல்லிக்கொடுத்துச் சாட்சி சொன்னதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகையால் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. தீர்ப்பைக் கேட்டுவிட்டு அத்தை வெளியே வந்து, "நாம் பொய் ஏதாச்சும் சொல்லிப்போட்டனா சாமி?" என்று கேட்டார். "இல்லைங்கத்தை." "அப்பறம் ஏன் உட்டுட்டாங்க?" என் வீட்டில் சாப்பிட்டதால்தான் என்று எந்த வாயால் சொல்லுவது? அத்தை அதற்குப் பிறகு இந்த வழக்கைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பொய்ச் சாட்சிக்காரி என்று எஸ்டேட்டில் பேர் வைத்துவிட்டார்களாம்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சாட்சியைத் தங்க வைத்தது அலுவலகத்துக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். தெரியும் என்று எழுதினேன். கண்காணிப்பாளர் அந்த வரியை அடித்துவிட்டு, "வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். வேண்டும். மேல்முறையீட்டுக்கு இந்த வழக்கு தகுதியானதல்ல என்று அரசு வக்கீல் கருத்து எழுதினார். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன, சிவப்பு மை படவில்லை.

செய்தது தப்பு என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி பஸ்ஸை வைத்து வழக்கைச் சாகடித்தவர்கள் கெட்டிக்காரர்கள், ஒரு கிழவிக்குக் களி போட்டவள் குற்றவாளி என்றால், அந்தப் பாடத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இப்போது மலையிலிருந்து சாட்சி வந்தால், நான் எந்த ஊர் என்று சொல்வதில்லை. தண்ணீர் கேட்டால் குழாய் இருக்கும் இடத்தைக் கைகாட்டுவேன். நன்றாகத்தான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு சனிக்கிழமை, ஏற்காட்டிலிருந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் அக்கா ஏறினார். என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அப்பாவையெல்லாம் விசாரித்தார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பழைய எஸ்டேட்டுலதான் கண்ணு. வேற யாரு ஒத்தக் கையிக்கு வேல தருவாங்க? மேஸ்திரியே ஆளுட்டுக் கூப்புட்டாரு. நாத்துப் பண்ணையில தண்ணி ஊத்தறேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ கோர்ட்டுல இருக்கறவ, உனக்குத் தெரியுமில்ல. நாந்தான் பாக்கவே இல்லையே. அவரு இல்லைன்னுதான தீர்ப்பு சொன்னாங்க? அப்ப அவரு இல்லதான சாமி?" என்றார்.

இதற்குள் நான் பொறுமையாக இருக்கக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். என் புத்தி அப்படியில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. "அவன்தானுங்கக்கா. அத்தை கண்ணால பாத்தாங்க. அவனேதான்" என்றேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா என் கையை விட்டுவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. பஸ் நின்றதும் பையை இடது கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாம் கண்ணு" என்றார். "திங்கக்கெழம மறுக்காவும் அவருகிட்டத்தான வேலைக்கிப் போவோணும்."